அட்டை வரும்வரை

கடிதத்தின் முதல் பத்தி விண்ணப்பம் வந்து சேர்ந்ததை உறுதி செய்தது. இரண்டாம் பத்தியில்தான் விஷயம் இருந்தது. முடிவு தெரியும்வரை எனக்கு வேலை செய்யும் அனுமதி இல்லை. 2014 ஜனவரி, கிழக்கு லண்டன். என் மாணவர் விசா அந்த வாரத்தோடு முடிந்தது. ஒரு நூலகத்தில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் நல்லவர்தான். ஆனால் அனுமதியில்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் அபராதம் பத்தாயிரம் பவுண்டு வரை என்று அவருக்குத் தெரியும். அந்த ஆண்டு மே மாதம் அது இருபதாயிரமாகவும் ஆனது. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவன் காரைக்கால்காரன். 1962-ல் பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் ஒன்று அவனுடையது. அதனால் அவன் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன். பிரிட்டன் அப்போது ஒன்றியத்துக்குள் இருந்ததால் அவன் எங்கும் போய் வேலை செய்யலாம். நாகப்பட்டினத்துக்காரியான நான், இரண்டு ஆண்டுக்கு மேல் அவனோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவள். மணம் செய்துகொள்ளவில்லை. தாலி, சாதி, சீர் என்று எதற்குள்ளும் போக வேண்டாம் என்பது எங்கள் முடிவு. “சுயமரியாதைக் கல்யாணமாவது பண்ணிக்கங்கடி” என்று அம்மா தொலைபேசியில் அழுதார். 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் அது செல்லும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் என்னை வதைத்த கேள்வி ஒன்றுதான். எதிர்வீட்டுப் பெண்ணும் என்னைப் போலவே ஐரோப்பியர் அல்லாதவள். ஒரு ஜெர்மானியரை மணந்தவள். அவளும் அட்டைக்குக் காத்திருந்தாள், ஆனால் தினமும் வேலைக்குப் போய்வந்தாள். ஏன்?

விடை ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 38-ஆம் எண் நெறிமுறைச் சட்டத்தில் இருக்கிறது. கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோர் அதன்படி ‘குடும்ப உறுப்பினர்’. வேலை செய்யும் உரிமை அவர்களுக்குச் சட்டத்திலிருந்தே நேராகக் கிடைக்கிறது. அட்டை அதற்கு ஒரு சாட்சி மட்டுமே. நீடித்த உறவில் இருக்கும் மணமாகாத துணையோ மூன்றாம் பிரிவில் ஓர் ஓரத்தில் வருகிறார். அவரது வருகையை நாடுகள் ‘எளிதாக்க’ வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்கிறது. பிரிட்டனின் விதிகள் இதை எடுத்துக்கொண்ட விதத்தில், ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் நாங்கள் குடும்பம். அதற்கு முன் நாங்கள் யாருமில்லை. அவளுக்கு அட்டை ஏற்கெனவே இருப்பதைச் சொன்னது. எனக்கு இல்லாததை உண்டாக்கியது.

இந்த ஓரம் எப்படி உண்டானது என்று தேடப்போய், நூலகத்தில் சம்பளமில்லாத வாசகியாக உட்கார ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தவர் ஆன் ஃப்ளோரன்ஸ் ரீட். 1981-ல் நெதர்லாந்துக்குப் போன ஆங்கிலேயப் பெண். வேலை தேடினார், கிடைக்கவில்லை. அங்கே வேலை பார்த்த ஆங்கிலேயத் துணைவரோடு ஐந்தாண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறேன், தங்க விடுங்கள் என்று கேட்டார். மறுத்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், 1986 ஏப்ரல் 17-ல் தீர்ப்பு வந்தது. ‘வாழ்க்கைத்துணை’ என்ற சொல்லுக்கு மணமானவர் என்றே பொருள் என்றது நீதிமன்றம். ஆனால் டச்சுக்காரர்களின் மணமாகாத துணைகளுக்கு நெதர்லாந்து ஏற்கெனவே இடம் தந்திருந்தது. தன் மக்களுக்குத் தரும் சலுகையை அங்கே உழைக்கும் பிற ஐரோப்பியருக்கு மறுக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ரீட் வென்றார். கவனித்துப் பார்த்தால், அவர் துணைவரின் சலுகையாக வென்றார். தனக்கான உரிமையாக அல்ல.

அதற்கு ஓராண்டு முன்பு ஸ்ட்ராஸ்பூரில் மனித உரிமை நீதிமன்றம் தீர்த்த அப்துல்அஜீஸ், கபாலெஸ், பால்கந்தாலி வழக்கைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரிட்டனில் குடியிருந்த மூன்று பெண்கள், தங்கள் கணவர்களை உடன் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். குடியிருக்கும் ஆண் தன் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். பெண்ணுக்கு அது அவ்வளவு எளிதல்ல என்பது அன்றைய விதி. அரசு சொன்ன நியாயம் வேலைச் சந்தை. வேலை செய்யும் வயதுடைய ஆண்களில் 90 சதவீதம் பேர் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள், பெண்களில் 63 சதவீதம்தான். ஆகவே வரும் கணவன் ஒரு வேலையை எடுத்துக்கொள்வான், வரும் மனைவி அவ்வளவாக எடுக்கமாட்டாள். நூற்றுக்கு அறுபத்து மூன்று பெண்கள் உழைக்கும் நாட்டில், பெண் உழைப்பவள் அல்ல என்று வாதாட முடிந்திருக்கிறது! 1985 மே 28-ல் நீதிமன்றம் இதைப் பால் பாகுபாடு என்றது. பிரிட்டன் என்ன செய்தது? பெண்களின் வழியைத் திறக்கவில்லை. ஆண்களின் வழியையும் அதே அளவுக்கு அடைத்துச் சமமாக்கியது.

மணமாகாத இணையர்களுக்கு 1997-ல்தான் ஒரு சலுகை வந்தது. அதுவும் சட்டப்படி மணம் முடிக்க இயலாதவர்களுக்கு. ஒருபால் இணையர்கள் போராடிப் பெற்றது. நான்கு ஆண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள், 1999-ல் இரண்டாகக் குறைத்தார்கள். இன்று ‘இரண்டு ஆண்டு’ என்று எல்லாரும் சாதாரணமாகச் சொல்லும் அளவு அவர்கள் தந்தது.

அந்த இரண்டு ஆண்டை நிரூபிப்பதுதான் என் கதை. வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில். கேஸ் பில், மின்சார பில் அவன் பெயரில். சமைத்தது, வீட்டைத் துடைத்தது, காய்ச்சலில் அவனைப் பார்த்துக்கொண்டது எதற்கும் ரசீது இல்லை. என் பெயரில் இருந்தவை நூலகச் சம்பளச் சீட்டுகள்தாம். அவற்றில் வீட்டு முகவரி இருந்தது. வேலைதான் நான் அங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி. அந்த வேலையைத்தான் நிறுத்தச் சொன்னார்கள்.

ஒன்பது மாதம் அவன் காசில் வாழ்ந்தேன். கணக்குக் கேட்கிற ஆள் அல்ல அவன். ஆனாலும் மாதவிடாய் நாப்கின் வாங்கவும் சொல்லிவிட்டுத்தான் போனேன். யாருக்கும் சார்பாக இருக்கக் கூடாது என்று தாலியை மறுத்தவள்! சண்டை வந்த இரவுகளில் இன்னொன்றும் உறைத்தது. மணமான பெண் விவாகரத்துப் பெற்றாலும், மூன்றாண்டு மணவாழ்க்கை போன்ற சில நிபந்தனைகளின்பேரில் தங்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ள அதே 2004 சட்டம் இடம் தருகிறது. குடும்ப வன்முறையையும் அது கணக்கில் எடுக்கிறது. பதிவு செய்யாத உறவில் இருப்பவளைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. அடிவாங்கினாலும் அட்டை வரும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். எனக்கு அப்படி நேரவில்லை. நேர்ந்த ஒருத்தியை அறிவேன். அவள் கதையை அவள்தான் சொல்ல வேண்டும்.

இந்த வழி 2020 டிசம்பர் 31-ஓடு புதியவர்களுக்கு மூடிவிட்டது. கோவிட் காலத்தில் அந்தத் தேதிக்குள் பதிவுத் திருமணம் முடிக்க முடியாமல், கையில் ஆவணமும் இல்லாமல் போன ஒருவரின் வழக்கை 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவர் ஆண். காத்திருப்பு ஆணையும் விடுவதில்லை.

என் அட்டை செப்டம்பரில் வந்தது. மறுநாளே நூலகத்துக்குப் போனேன். என் இடத்தில் வேறொரு பெண் இருந்தாள். மேலாளர் தேநீர் வாங்கித் தந்தார். வேறு வேலை கிடைக்க மேலும் இரண்டு மாதம் ஆனது. முதல் சம்பளம் வந்த அன்று கேஸ் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, பில்லில் என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன்.