மீன்தொட்டி நீரும் பயிரும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் குறித்த காலத்துக்கொரு முறை அதன் நீரில் ஒரு பகுதியை அகற்றிப் புதுநீர் நிரப்புவர். அகற்றப்படும் நீர் கழிவெனவே கொள்ளப்படுவது வழக்கம். ஆயின் அந்நீரைக் கத்தரிக்கோ கீரைக்கோ ஊற்றின் அவை செழித்து வளர்கின்றன. மீனுக்கு ஒவ்வாதது பயிருக்கு உணவாவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காணப்பட்ட வரலாறு, உழவரின் தொழிலறிவுக்கும் ஆய்வுகூட அறிவுக்கும் இடையிலான உறவு யாது என்ற மற்றொரு வினாவையும் எழுப்புகின்றது. இவ்விரண்டையும் ஒருசேர நோக்குதல் பயனுடைத்து.

மீனையும் பயிரையும் இணைத்து வளர்க்கும் வழக்கம் சீனாவிற் பழமை வாய்ந்தது. தாங் வமிசக் காலத்தின் இறுதிப் பகுதியைச் சார்ந்த லியு சூன் என்பாரின் நூல், தென்சீன மலைச்சாரல்களிற் புதிதாகத் திருத்திய வயல்களில் மீன்குஞ்சுகளை விட்டுப் புல்லை அழித்த முறையைக் குறிப்பிடுகின்றது. முத்தாற்றுக் கழிமுகத்தில் இவ்வறிவு மேலும் விரிவடைந்தது. அங்கு தாழ்நிலத்தைத் தோண்டிக் குளமாக்கினர்; தோண்டிய மண்ணைக் கரையாக உயர்த்தி முசுக்கட்டை நட்டனர். அதன் இலை பட்டுப்புழுவுக்கு உணவாயிற்று. புழுவின் எச்சம் மீனுக்கு இரையாயிற்று. குளத்தின் அடிச்சேறு மீண்டும் கரைக்கு உரமாயிற்று. 1757 ஆம் ஆண்டு மேலைநாட்டுக் கடல்வணிகம் கன்ரன் துறைமுகத்துக்குள் மட்டுப்படுத்தப்பட்ட பின்னர், பட்டின் தேவை பெருகப் பல நெல்வயல்கள் இத்தகைய குளங்களாயின. அக்கமக்காரர்க்குச் சேற்றின் இரசாயனம் தெரியாது. ஆயின் அதன் பயன் ஐயமறத் தெரிந்திருந்தது.

கண்ணாடித் தொட்டியின் வரலாறு இதனின்றும் வேறுபட்டது. இலண்டன் மருந்தாளர் சங்கத்தின் இரசாயனராகிய றொபேட் வாறிங்ரன், பன்னிரண்டு கலன் கொள்ளும் பாத்திரமொன்றில் இரு பொன்மீன்களையும் வலிசினேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் இட்டு அவதானித்தார். தாவரம் வெளிவிடும் ஒட்சிசன் மீனைக் காக்கும் என்பது அவர் கருத்து. சின்னாளில் அழுகிய இலைகளால் நீர் கலங்கவே, சில நீர்நத்தைகளை விட்டார். அவை அழுகலை உண்ண, நீர் தெளிந்தது. இம்முடிபுகளை 1850 ஆம் ஆண்டு இரசாயனச் சங்கத்தில் அவர் சமர்ப்பித்தார். மூன்றாண்டுகளின் பின் இலண்டன் விலங்கியற் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது; வீடுகளிலும் மீன்தொட்டி வைத்தல் விருப்பத்துக்குரிய பொழுதுபோக்காயிற்று. எனினும் வாறிங்ரனின் தொட்டியில் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு கூட்டமும் தொழிற்பட்டது. அதனை அன்று எவரும் அறிந்திலர்.

அதனை வெளிக்கொணர்ந்த ஆய்வு மீனைப் பற்றியதன்று. சாக்கடை நீரைப் பற்றியது. 1877 ஆம் ஆண்டு பிரான்சைச் சேர்ந்த சுலோசிங், முன்ற்சு ஆகிய இருவரும் மணலும் சுண்ணமும் நிரம்பிய குழாயினூடு கழிவுநீரை மெதுவாகச் செலுத்தினர். ஏறத்தாழ இருபது நாட்கள் யாதொரு மாற்றமும் தென்படவில்லை. அதன் பின்னரே வெளிவந்த நீரில் அமோனியா குறைந்து நைத்திரேற்றுத் தோன்றியது. குளோரோபோமின் ஆவியைச் செலுத்தியதும் இம்மாற்றம் நின்றுவிட்டது. எனவே இது வெறும் இரசாயனத் தாக்கமன்று, நுண்ணுயிர்களின் செயல் என்பது துணியப்பட்டது.

இவ்வாய்வை இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் முன்னெடுத்துச் சென்றவர், மீன்தொட்டி கண்ட வாறிங்ரனின் மகனாவார். அவர் பெயரும் றொபேட் வாறிங்ரனே. அமோனியா முதலில் நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் இரு படிகளில் மாறுகின்றது என்பதையும், ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் காரணம் என்பதையும் அவர் காட்டினார். அவ்வுயிர்களைத் தனிமைப்படுத்தும் முயற்சி அவருக்குக் கைகூடவில்லை. 1890 ஆம் ஆண்டளவில் உருசியரான வினோகிராட்ஸ்கி அதில் வெற்றி கண்டார். தந்தையின் தொட்டியில் மறைந்திருந்த செயன்முறையை மகன் வயல் மண்ணிற் கண்டமை அறிவியல் வரலாற்றின் அரிய பொருத்தங்களுள் ஒன்றாகும்.

இதனால் முதல் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. மீன் தன் பூக்கள் வழியே பெரும்பாலும் அமோனியாவையே கழிக்கின்றது. அமோனியாவும் நைத்திரைற்றும் மீனுக்கு நஞ்சு. நைத்திரேற்றின் தீமை மிகக் குறைவு. அந்நைத்திரேற்றே பயிர்கள் விரும்பி உறிஞ்சும் நைதரசன் உணவு. எனினும் மீன்தொட்டி நீர் முழுமையான உரமன்று. இரும்பு, பொற்றாசியம், கல்சியம் என்பன அதிற் போதியளவு அமைவதில்லை. உவர்நீர்த் தொட்டியின் நீர் பயிரைக் கெடுக்கும். மீன்நோய்க்கு மருந்திட்ட நீரை உண்ணும் மரக்கறிக்கு ஊற்றுதல் தகாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விரு அறிவுகளும் ஒருங்கிணைந்தன. 1969 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிறுவப்பெற்ற நியூ அல்கெமி நிறுவனம், திலாப்பியா வளர்த்த குளநீரைத் தோட்டப் பயிர்களுக்குப் பாய்ச்சி ஆராய்ந்தது. 1980களில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மக்மேட்ரியும் சான்டர்சும் மீன்தொட்டி நீரை மணற் பாத்திகளினூடு செலுத்தித் தொட்டிக்கே மீட்டனர். அக்காலந்தொட்டு வேர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்சு றகோசி, கீரைவகைகளை மண்ணின்றி மீன்நீரிலேயே வளர்க்கும் முறையைப் பெரிய அளவிற் செயற்படுத்தினார்.

உழவர் முன்னரே அறிந்ததைத்தான் விஞ்ஞானம் பிற்பாடு பெயரிட்டது என வாதிப்பாருளர். இக்கூற்று பாதி உண்மையே. முத்தாற்று உழவரின் அறிவு அம்மண்ணோடும் அந்நீரோடும் பிணைந்திருந்தது. பிறிதோரிடத்துக்கு அதனைப் பெயர்க்கக் காரணம் தெரிதல் வேண்டும். புதிதாக அமைத்த தொட்டியில் முதற் சில கிழமைகளில் மீன்கள் இறப்பது ஏன் என்பதை சுலோசிங்கின் அந்த இருபது நாட்களே விளக்குகின்றன: நுண்ணுயிர்கள் பெருகக் காலம் தேவை. மறுபுறம், விஞ்ஞானத்தின் விடையும் இறுதியானதன்று. இரு படிகளையும் ஒரே நுண்ணுயிர் நிறைவேற்றக்கூடும் என்பது 2015 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அச்சான்றுகளுள் ஒன்று மீன் வளர்ப்புத் தொகுதியொன்றின் வடிகட்டியிலிருந்தே கிடைத்தது.

இதற்கிடையில் முத்தாற்றின் குளக்கரைகள் பெரிதும் மறைந்துவிட்டன. 1930களின் பட்டு விலை வீழ்ச்சி அவற்றை முதலில் தாக்கியது. 1980களின் பின் எழுந்த தொழிற்சாலைகளும் நகரங்களும் எஞ்சியவற்றுட் பலவற்றை விழுங்கின. காரணத்தை உலகம் முற்றாக அறியத் தொடங்கிய காலத்திலேயே, காரணமறியாது அதனைக் காத்துவந்த நிலம் அழிந்தது. ஓர் அறிவு நூலில் ஏறிவிட்டமையால் மட்டும் அது காக்கப்பட்டதாகாது. அதனைக் கையாளும் கைகளும் அதற்கேற்ற நிலமும் நிலைத்தாலன்றி அது வாழ்வதில்லை. கழிவென ஊற்றப்படும் ஒரு வாளி நீரைச் செடியின் அடியிற் சேர்ப்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, அந்நெடிய மரபின் ஒரு கண்ணியைக் காத்து நிற்கின்றார் எனலாம்.