காவிரியின் ஆற்றலும் கோலார்ப் பொன்னும்

பொன் விளையும் பூமி என்று நம் தங்கவயலைப் போற்றி எழுதியோர் பலர். அப்பொன்னைப் பிரித்தெடுக்க எரிந்தது எது, எஞ்சியது எது என்று எழுதியோர் மிகச் சிலரே.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு கால்வைத்த பின், சுரங்கத்து நீரை இறைக்கவும், பாறையை இடித்துத் தூளாக்கவும், ஆட்களை இறக்கி ஏற்றவும் நீராவி இயந்திரங்களே துணையாயின. அவற்றின் பசிக்கு விறகு வேண்டும். அன்றேல் நெடுந்தொலைவிலிருந்து நிலக்கரி வரவேண்டும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்த நம் முன்னோர் முதலில் கண்டது பொன்னையன்று, புகையையே.

அந்நிலையை மாற்றியது சிவசமுத்திரத்து அருவி. கனடாவிற் பிறந்த பொறியாளர் ஜோலி டி லாட்பினியர் திட்டம் வகுத்தார். பாலக்காட்டுத் தமிழரான திவான் சேஷாத்ரி ஐயர் அதனைத் துணிந்து ஏற்றார். 1902 ஜூன் 30 அன்று 92 மைல் தொலைவு கம்பி வழியே வந்த மின்னாற்றல் நம் சுரங்கங்களை இயக்கிற்று. மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பினால் வழியில் வீணாவது குறையும் என்னும் உண்மையை இத்துணை நெடிய தொலைவில் செய்துகாட்டியோர் அன்று உலகிலேயே வெகு சிலர். பெங்களூர்த் தெருக்களுக்கே 1905-இல்தான் மின்விளக்கு வந்தது. ஐயரோ 1901-இலேயே மறைந்தார். தம் கனவு ஒளிர்ந்ததைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

இங்கே ஒன்று குறித்தல் தகும். அருவியின் வீழ்ச்சியைப் பயன்கொண்டபின் நீர் மீண்டும் ஆற்றிலேயே சேர்ந்தது, எரிந்தழிந்தது எதுவுமில்லை. ஆயினும் கோடையில் ஆறு மெலிய, மின்னாற்றலும் மெலிந்தது. 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர அணைக்கு இக்குறையும் ஒரு காரணமாயிற்று.

ஆற்றல் தூய்மையாயிற்று, பொன்னைப் பிரிக்கும் முறை ஆயிற்றா? தொடக்கத்தில் தூளாக்கிய பாறையைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டுப் பொன்னைப் பிடித்தனர். அதிற் சிக்காத நுண்பொன்னுக்கு, 1887-இல் கிளாஸ்கோ நகரில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கண்ட சயனைடு முறை வந்தது. சயனைடு கலந்த நீர் காற்றின் துணையோடு பொன்னைக் கரைக்கும். துத்தநாகம் அதனை மீட்டுத் தரும். மிஞ்சிய மண்ணே நாம் அன்றாடம் காணும் சயனைடு மேடுகள். பெயர் நம்மைச் சற்றே ஏமாற்றுகிறது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். மாவினும் மெல்லிய மணற்றூள் சிதைவதில்லை. காற்று வீசுந்தோறும் அது வீடுகளுள் புகுவதை நம் பெண்டிர் நன்கறிவர். சுரங்கத்துள்ளே அத்தூசி செய்த கொடுமையோ ஏட்டிலேயே பதிவாயிற்று: 1940-களில் சோதிக்கப்பட்ட தொழிலாளருள் ஐந்தில் இரு பங்குக்கு மேற்பட்டோர் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு ஆளாகியிருந்தனர்.

ஏறத்தாழ 800 டன் பொன்னைத் தந்தபின் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மேடுகள் மூடப்படவில்லை. ஆற்றலுக்கு ஒரு லாட்பினியர் வாய்த்தார். இம்மண்ணுக்கு அத்தகையவர் ஒருவர் வாய்க்கவில்லை என்பதே என் துணிபு.

இன்று வேறு நாடுகளில் வழி தேடுகின்றனர். அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள கோல்ட்ஸ்டிரைக் சுரங்கத்தில் 2014 முதல் சயனைடுக்கு மாற்றாகத் தையோசல்பேட் என்னும் உப்பைக் கொண்டு பொன்னைக் கரைத்தனர். பல்லாண்டு ஆய்வின் பயன் அது. எல்லாத் தாதுவுக்கும் பொருந்துவதன்று.

நம் மேடுகளிலும் பொன் எஞ்சியுள்ளது. அவற்றுள் 13 மேடுகளிலிருந்து அதனை எடுக்க 2024 ஜூன் திங்களில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. எந்த முறையால் எடுப்பர், மீண்டும் கழுவிய மண்ணை எங்கே கொட்டுவர், அதன்மேல் புல்லேனும் முளைக்க வகை செய்வரோ என்று முதலிற் கேட்க வேண்டியோர் அம்மேடுகளின் அடியில் வாழும் நாமேயாவோம்.