பாவை சுருங்கும், லென்ஸ் அப்படியே இருக்கும்

"வாப்பாவுக்கு 58 வயசு. தூரம், கிட்டம் ரெண்டுக்குமான மல்டிஃபோக்கல் லென்ஸ் வைக்கச் சொல்றாங்க. வைக்கலாமா டாக்டர்?" அதிராம்பட்டினம் பக்கமிருந்து அடிக்கடி வர்ற கேள்வி. பதிலுக்கு 200 வருஷம் பின்னாடி போகணும், த்ரெட் கொஞ்சம் நீளம்.

பட்டுக்கோட்டை வழியா தஞ்சாவூர் போனா சரஸ்வதி மகால். இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், வண்ணப் படங்களோட அங்கே இருக்கு. அன்னைக்குக் கண்புரைன்னா பெரும்பாலும் ஊசியால புரையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளி விடுறதுதான். உள்ளே வைக்க லென்ஸே கிடையாது.

அது 1949-ல்தான் வந்தது. லண்டனில் ஹெரால்ட் ரிட்லி. போர் விமானக் கூரையின் அக்ரிலிக் துண்டு விமானிகளின் கண்ணுக்குள்ள போயும் பெருசா உறுத்தாம கிடந்ததைப் பார்த்து, அதிலேயே லென்ஸ் செஞ்சு வச்சார். அதுக்கு ஒரே குவியம். பாவை சின்னதோ பெருசோ, லென்ஸின் எந்தப் பகுதி வழியா ஒளி போனாலும் அதே பவர்தான். (கண்ணின் நடுக் கருவட்டத்துக்கு நாம 'பாவை'ன்னு பேர் வச்சோம், பொம்மைன்னும் அர்த்தம். லத்தீன்காரங்களும் அதையேதான் வச்சாங்க!)

மல்டிஃபோக்கல் வந்ததும் கதை மாறிடுச்சு. 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்ச 'அர்ரே' லென்ஸில் நடு 2.1 மி.மீ. முக்கியமா தூரத்துக்கு, அதைச் சுத்தி 3.4 மி.மீ. வரை உள்ள வளையம் கிட்டத்துக்கு. பாவை 3.4 மி.மீ. திறந்திருந்தா, ஒளி நுழையும் பரப்பில் ஏறக்குறைய 60% கிட்ட வளையம். 2.5-க்குச் சுருங்கினா 30% கூட இல்லை. உப்பளத்து வெயிலில் நின்னு செல்போன் பார்க்கிறவரை நினைச்சுக்குங்க.

வெயில் போனா பாவை விரியும். வயசு போனா? 1994-ல் வின் குழுவினர் 17 முதல் 83 வயசு வரை 91 பேரை அளந்தாங்க. எந்த வெளிச்சத்திலும் வயசோட பாவை சுருங்குது: பளிச்சுன்னு இருந்தா வருஷத்துக்குச் சுமார் 0.015 மி.மீ., மங்கலில் சுமார் 0.04. இருபது வருஷத்தில் மங்கலில் மட்டும் 0.8 மி.மீ. சர்க்கரை நோய் இருந்தா பாவை இன்னும் சின்னதா இருக்கலாம்.

2005-ல் வந்த 'ரெஸ்டோர்' வேற வழி. நடு 3.6 மி.மீ.க்குள்ள ஒளியைப் பிரிக்கும் வளையங்கள். இருட்டில் பாவை அதைத் தாண்டி விரிஞ்சா தூரத்துக்குக் கூடுதல் ஒளி. நல்ல யோசனைதான். ஆனா 78 வயசில் ராத்திரி கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாவை அவ்வளவா விரியாது.

சுருங்குறது முழுக்க நஷ்டமும் இல்லை. சின்ன ஓட்டை வழியா பார்த்தா குவிய ஆழம் கூடும், விளக்கைச் சுத்தித் தெரியும் ஒளிவட்டமும் குறையலாம். பல புது லென்ஸ்களில் வளையங்கள் விளிம்பு வரை போறதால பாவையை நம்பியிருப்பதும் குறைவு.

அதனால வாப்பாவைக் கூட்டிட்டுப் போறப்ப, வெளிச்சத்திலும் மங்கலிலும் பாவையை அளக்கச் சொல்லுங்க. இந்த லென்ஸ் எத்தனை மி.மீ. பாவைக்குச் சரியா வேலை செய்யும்னும் கேளுங்க. ராத்திரி வண்டி ஓட்டுவாரா, வெயிலில் நின்னு கணக்கு எழுதுவாரான்னு டாக்டர் கேக்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க.