ஹூக்ளிக் கரையின் ஐரோப்பிய ஊர்கள்

கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றில் வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் பண்டேல் வரும். இந்தத் தொலைவுக்குள், ஆற்றின் மேற்குக் கரையில், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், டேனியர் ஆகிய நான்கு நாட்டவரும் ஆளுக்கோர் ஊரை வைத்திருந்தார்கள். பண்டேல், சின்சுரா, சந்திரநாகூர், செராம்பூர் என்பவை அந்த ஊர்கள். கிழக்குக் கரையில் செராம்பூருக்கு நேரெதிரே ஆங்கிலேயரின் பாரக்பூர் இருந்தது. இன்று கொல்கத்தாவின் படித்துறைகளில் விசைப்படகை வாடகைக்கு அமர்த்தி, வழிகாட்டி ஒருவரையும் ஏற்றிக்கொண்டு, இந்த ஊர்களை ஓரிரு நாளில் பார்த்துத் திரும்பலாம். சுற்றுலா நடத்துபவர்கள் இதற்குக் 'குட்டி ஐரோப்பா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இத்தாலியின் கடலோரக் கிராமங்களைப் படகில் சுற்றிக்காட்டும் தொழிலின் சாயல் இதில் உண்டு. ஆனால் அந்தக் கிராமங்கள் அங்கேயே பிறந்து, மீன் பிடித்தும் திராட்சை பயிரிட்டும் வாழ்ந்தவர்கள் கட்டியவை. ஹூக்ளிக் கரையில் வந்து இறங்கியவர்கள் சரக்கு வாங்க வந்த வணிகர்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் முகலாயரும் வங்காள நவாபுகளும். அந்த உரிமத்தைக் கழித்துவிட்டு இந்த ஊர்களைப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

இந்தக் கரையில் இவ்வளவு நெருக்கம் ஏற்பட்டதற்கு ஆறே காரணம். வங்காளத்தின் பழைய பெருந்துறை சப்தகிராமம், சரஸ்வதி என்னும் கிளையாற்றில் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அந்தக் கிளை தூர்ந்துபோக, வணிகம் ஹூக்ளி ஆற்றுக்கு இடம் பெயர்ந்தது. பாட்னாவின் வெடியுப்பு, காசிம்பஜாரின் பட்டு, வங்காளத்தின் மெல்லிய பருத்தித் துணி, அபின் என எல்லாச் சரக்கும் கங்கை வழியே இந்த ஆற்றுக்குத்தான் வந்து சேர்ந்தன. மேற்குக் கரை சற்று மேடானது. ஆகவே பண்டகசாலைக்கு இடம் தேடியவர்கள் எல்லோரும் அந்தக் கரையையே விரும்பினார்கள்.

முதலில் வந்தவர்கள் போர்த்துக்கீசியர். அக்பரின் அனுமதியோடு 1580ஐ ஒட்டி, பண்டேலுக்கு அடுத்துள்ள ஹூக்ளி ஊரில் அவர்களின் குடியிருப்பு அமைந்தது. பண்டேல் தேவாலயம் 1599இல் கட்டப்பட்டதாகச் சொல்வார்கள். குடியிருப்பு செழித்தது, அதோடு ஆள்பிடித்து அடிமையாக விற்கும் தொழிலும் செழித்தது. ஷாஜகான் பேரரசரான சில ஆண்டுகளில், 1632இல், வங்காள ஆளுநர் காசிம் கானின் படை ஹூக்ளியை முற்றுகையிட்டு அழித்தது. சிறைபிடிக்கப்பட்டவர்கள் ஆக்ராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே ஒரு பாதிரியாரை மதயானையின் முன் நிறுத்தியதாகவும், யானை அவரை மிதிக்காமல் பணிந்ததாகவும், மனம் மாறிய பேரரசர் தேவாலயத்துக்கு நிலம் கொடுத்ததாகவும் ஒரு கதை உண்டு. வழிகாட்டிகள் விடாமல் சொல்லும் கதை இது. ஆனால் அதே பேரரசரின் படைதான் தேவாலயத்தை இடித்தது என்பதைச் சிலர் மட்டுமே சேர்த்துச் சொல்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1660இல் எழுந்ததாகும். புயலில் தப்பிய கப்பல் தலைவன் ஒருவன் நேர்ந்துகொண்டபடி தன் கப்பலின் பாய்மரத்தையே காணிக்கையாக இங்கே நட்டான் என்பது இன்னொரு மரபுக்கதை. வேளாங்கண்ணியின் கதையை அறிந்த தமிழர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது; அங்கும் புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகளே மாதாவுக்குக் கோயில் எழுப்பியதாகச் சொல்வார்கள். 1988இல் பண்டேல் தேவாலயத்துக்குப் பசிலிக்கா தகுதி கிடைத்தது. போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற இன்னொரு பொருள் பண்டேல் சீஸ். உப்பிட்டு, புகை மணக்கச் சிறு வட்டுகளாகச் செய்யப்படும் அது கொல்கத்தா நியூ மார்க்கெட்டில் இன்றும் கிடைக்கிறது.

1632க்குப் பிறகு ஹூக்ளி முகலாயரின் அரசுத் துறைமுகம் ஆனது. ஃபௌஜ்தார் என்னும் முகலாய அதிகாரி அங்கிருந்து சுங்கம் வசூலித்தார். டச்சுக்காரர்கள் அருகிலேயே சின்சுராவில் பண்டகசாலையும் கஸ்தாவஸ் கோட்டையும் அமைத்தார்கள். 1665இல் ஹெண்ட்ரிக் வான் ஸ்கைலன்பர்க் வரைந்த ஹூக்ளிப் பண்டகசாலை ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆர்மீனிய வணிகர்கள் 1695இல் சின்சுராவில் ஒரு தேவாலயம் கட்டினார்கள். அதில் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆங்கிலேயரும் 1651 முதல் ஹூக்ளியில்தான் பண்டகசாலை வைத்திருந்தார்கள். 1686இல் முகலாய அதிகாரிகளோடு சண்டையிட்டு வெளியேறிய பின், 1690இல் ஜோப் சார்னாக் தெற்கே சுதாநுதியில் இறங்கினார். கொல்கத்தாவின் தொடக்கம் அது. ஹூக்ளியில் இடம் இழந்தவர்கள் ஒதுங்கிய ஊர்தான் பின்னால் ஹூக்ளியின் வணிகம் முழுவதையும் விழுங்கியது.

சின்சுராவின் வீழ்ச்சி 1759இல் தொடங்கியது. 1757இல் நடந்த பிளாசிப் போருக்குப் பின் ஆங்கிலேயர் கை ஓங்குவதைக் கண்ட டச்சுக்காரர்கள் பட்டேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கப்பலும் படையும் வரவழைத்தார்கள். அந்த நவம்பர் 25ஆம் தேதி பிதேரா என்னும் இடத்தில் அவர்கள் தோற்றார்கள். 1824ஆம் ஆண்டு ஆங்கில-டச்சு உடன்படிக்கை மிச்சத்தை முடித்தது. சுமத்ராவில் இருந்த பென்கூலனை ஆங்கிலேயர் விட்டுக்கொடுக்க, டச்சுக்காரர்கள் இந்திய மண்ணில் இருந்த தம் இடங்கள் அனைத்தையும் ஒப்படைத்தார்கள். சின்சுராவோடு பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், தூத்துக்குடி ஆகியவையும் அதே உடன்படிக்கையில்தான் கைமாறின. கஸ்தாவஸ் கோட்டையை இடித்து ஆங்கிலேயர் படைவீரர் குடியிருப்பு கட்டினார்கள். அந்த நீண்ட கட்டடத்தில் இப்போது நீதிமன்றம் நடக்கிறது. டச்சுக்காரர்களின் நினைவாக எஞ்சியவை கல்லறைகளே. ஊருக்குச் சற்றுத் தள்ளி, குவிமாடத்தோடு தனியே நிற்கும் சுசன்னா அன்னா மரியாவின் சமாதி 1809ஆம் ஆண்டைச் சேர்ந்தது; அவர் ஏழு கணவரை மணந்தவர் என்று ஊரார் கதை கட்டிவிட்டார்கள். அண்டை ஊரான ஹூக்ளியில், ஹாஜி முகமது மொஹ்சினின் அறக்கட்டளைச் செல்வத்தில் 1861இல் முடிந்த இமாம்பாரா, இந்தக் கரையிலேயே கம்பீரமான கட்டடம். அதைக் கட்டியவர்கள் ஐரோப்பியர் அல்லர். 'குட்டி ஐரோப்பா' என்ற பெயர் எவ்வளவு குறுகலானது என்பதற்கு இமாம்பாராவின் மணிக்கூண்டே போதும்.

சந்திரநாகூரின் வரலாறு புதுச்சேரியோடு பின்னிக் கிடப்பது. பிரெஞ்சுக்காரர்கள் 1673இல் இங்கே இடம் பெற்று, அந்த நூற்றாண்டின் இறுதியில் ஓர்லியான் கோட்டையைக் கட்டினார்கள். ஊரைப் பெரிய வணிகத்தலமாக்கியவர் டூப்ளே. 1731இல் இங்கே தலைமை ஏற்ற அவர், கம்பெனி வணிகத்தோடு சொந்த வணிகத்தையும் பெருக்கினார். 1741இல் ஜானைத் திருமணம் செய்ததும் இங்கேதான். புதுச்சேரியில் பிறந்து தமிழ் அறிந்த அந்தப் பெண்மணியை, டூப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு எவ்வளவு கசப்போடு பேசுகிறது என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். 1742இல் டூப்ளே ஆளுநராகப் புதுச்சேரிக்கு வந்தார். அங்கே ஆனந்தரங்கப் பிள்ளைக்கு இருந்த இடம் சந்திரநாகூரில் இந்திரநாராயண் சௌத்ரிக்கு இருந்தது. பிரெஞ்சுக்காரர்களின் திவானாக இருந்து பெரும் பொருள் ஈட்டிய அவர் கட்டிய நந்ததுலால் கோயில் இன்றும் இருக்கிறது. ஊரின் புகழ்பெற்ற ஜகத்தாத்ரி பூஜையை அவரோடு தொடர்புபடுத்துவதும் வழக்கம்.

1757 மார்ச் 23ஆம் தேதி ஆங்கிலேயத் தளபதி கிளைவின் படையும் கடற்படைத் தலைவர் வாட்சனின் போர்க்கப்பல்களும் சேர்ந்து ஓர்லியான் கோட்டையைப் பிடித்தன. பிளாசிப் போர் நடந்தது சரியாக மூன்று மாதம் கழித்து. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது, ஊர் உடன்படிக்கையில் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி, போரில் மீண்டும் பறிபோய், 1816 முதல் நிலையாகப் பிரெஞ்சு வசம் வந்தது. படையும் இல்லை, பெரிய வணிகமும் இல்லை. ஆனால் ஆங்கிலேயர் சட்டம் செல்லாத ஒரு சிறு துண்டு நிலம், கொல்கத்தாவின் வாசலிலேயே. 20ஆம் நூற்றாண்டில் அதுவே அதன் மதிப்பானது. புரட்சியாளர் ராஷ்பிஹாரி போஸ் வளர்ந்த ஊர் இது. 1910 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து இரவோடு இரவாகப் படகில் வந்து மறைந்திருந்த அரவிந்தர், ஏப்ரல் 4ஆம் தேதி புதுச்சேரியில் கரையிறங்கினார். ஒரு பிரெஞ்சு ஊர் இன்னொன்றுக்கு அனுப்பிவைத்த அடைக்கலம் அது. பாரதியும் அதே காரணத்துக்காகத்தான் அப்போது புதுச்சேரியில் இருந்தார். சிட்டகாங் ஆயுதக்கிடங்குத் தாக்குதலில் ஈடுபட்டவர்கள் சிலரும் 1930இல் இங்கே ஒளிந்தார்கள்; கொல்கத்தா போலீஸ் எல்லை தாண்டி வந்து அவர்களைத் தாக்கியது.

1949 ஜூன் 19ஆம் தேதி நடந்த பொதுவாக்கெடுப்பில் 7,473 பேர் இந்தியாவோடு இணையவும் 114 பேர் பிரான்சோடு இருக்கவும் வாக்களித்தார்கள். 1950 மே மாதம் ஆட்சி கைமாறியது. 1954 அக்டோபரில் ஊர் மேற்கு வங்கத்தோடு இணைந்தது. புதுச்சேரி இந்தியாவிடம் வந்ததும் அதே ஆண்டின் நவம்பரில்தான். ஆனால் புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதியாகி, பிரெஞ்சு அடையாளத்தை முதலாக வைத்தது. சந்திரநாகூர் ஒரு வங்காள நகராட்சியில் கரைந்தது. ஆற்றோர நடைபாதையும், டூப்ளே மாளிகையில் உள்ள அருங்காட்சியகமும், 1884ஆம் ஆண்டின் திரு இருதய தேவாலயமும், அடித்தளம் ஆற்றுமட்டத்துக்குக் கீழே இறங்கிய 'பாத்தாள் பாரி' வீடும் இன்றைய பயணிகள் பார்ப்பவை. அந்த வீட்டில் தாகூர் தங்கியிருக்கிறார்.

கடைசியாக வந்தவர்கள் டேனியர். 1755இல் நவாப் அலிவர்தி கானிடம் அனுமதி பெற்று செராம்பூரில் கொடி ஏற்றி, தம் மன்னர் பெயரால் ஃபிரெடெரிக்ஸ்நகர் என்று அழைத்தார்கள். ஊர் முதலில், தமிழ்க் கரையில் அவர்களுக்கு இருந்த தரங்கம்பாடியின் கீழ்தான் இருந்தது. டென்மார்க் போரில் சேராமல் நடுநிலை காத்தபோதெல்லாம் அதன் கொடி பறக்கும் கப்பலுக்குத் தேவை அதிகம். ஆங்கிலேயக் கம்பெனி ஊழியர்களே தம் கள்ளப் பணத்தை இந்த வழியாக ஊருக்கு அனுப்பினார்கள். கொல்கத்தாவில் கடன்பட்டு ஓடியவர்களுக்கும் செராம்பூர் புகலிடம். ஆங்கிலேயக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பாததால் வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு ஆகியோர் 1800இல் இங்கே கூடினார்கள். அவர்கள் நடத்திய அச்சகம் பல இந்திய மொழிகளுக்கு எழுத்து வார்த்தது. வங்காள எழுத்துகளைச் செதுக்கிய கைவினைஞர் பஞ்சானன் கர்மகார். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சகம் அமைத்துத் தமிழுக்குச் செய்ததை, அதே கொடியின் கீழ் நூறு ஆண்டு கழித்து இவர்கள் வங்காளத்துக்குச் செய்தார்கள். 1818இல் கல்லூரியும் 'சமாச்சார் தர்ப்பண்' இதழும் பிறந்தன. 1827இல் டென்மார்க் மன்னர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை தந்தார். தமிழ்நாட்டின் இறையியல் கல்லூரிகள் பலவற்றில் இன்றும் செராம்பூர்ப் பட்டமே வழங்கப்படுகிறது. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் ஒரே விலையாக 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது.

இவற்றுக்கிடையே வந்துபோன ஒரு கொடியும் உண்டு. ஆஸ்திரியப் பேரரசரின் ஆதரவு பெற்ற ஆஸ்டெண்ட் கம்பெனி 1720களில் கிழக்குக் கரையில் பங்கிபஜாரிலும், சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் பண்டகசாலை வைத்திருந்தது. பங்கிபஜாரில் பார்க்க இப்போது எதுவும் இல்லை.

பொழுதுபோக்காகப் படகேறுவதும் இந்த ஆற்றில் பழைய வழக்கம்தான். வெல்லெஸ்லி காலம் முதல் தலைமை ஆளுநர்கள் வார இறுதியில் படகில் பாரக்பூர் மாளிகைக்குப் போனார்கள். அறைகள் கொண்ட பெரிய துடுப்புப் படகான பஜ்ராவில் குடும்பத்தோடு மேலே செல்வது கொல்கத்தாவின் வசதியுள்ளவர்களுக்கு வழக்கமாயிற்று. பிஷப் ஹீபர் 1824 ஜூனில் கொல்கத்தாவிலிருந்து இந்த வழியேதான் வடக்கே புறப்பட்டார். 1826இல் திருச்சிராப்பள்ளியில் அவர் இறந்த பின் அந்தப் பயணக் குறிப்புகள் நூலாயின. அவர் பெயரில் அந்த நகரில் இன்றும் கல்லூரி இருக்கிறது. 1854 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் பஜ்ராக்களுக்கு வேலை குறைந்தது. அடுத்த ஆண்டே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்தது. பின்னர் இரு கரைகளிலும் புகைபோக்கிகள் வரிசையாக எழுந்தன. பார்க்க வருபவர்கள் நூறாண்டுக்கு மேல் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப்பார்க்கவில்லை. பல மாளிகைகள் இடிந்ததும் அந்தக் காலத்தில்தான்.

திருப்பம் 21ஆம் நூற்றாண்டில் வந்தது. 1986இல் தேசிய நீர்வழி 1 என அறிவிக்கப்பட்ட இந்த ஆற்றில் தனியார் பயணக் கப்பல்கள் 2000களில் ஓடத் தொடங்கின. தரங்கம்பாடியில் பழைய கட்டடங்களைச் சீரமைத்த டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் 2008இல் செராம்பூருக்கும் வந்தது. அங்குள்ள செயின்ட் ஓலாவ் தேவாலயத்தின் சீரமைப்பு 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்றது. 1786ஆம் ஆண்டின் டேனிஷ் சத்திரம், கூரையே இல்லாமல் கிடந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டு, 2018 முதல் உணவகமும் தங்கும் அறைகளுமாக இயங்குகிறது. மற்ற மூன்று ஊர்களில் இந்த அளவுக்கு முழுமையான வேலை நடக்கவில்லை. இந்தக் கரையில் ஓர் ஊருக்கு மட்டும் நேரம் இருந்தால் செராம்பூரில் இறங்குவதே சரி.

படகு அமர்த்தும் செலவு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஹவுராவிலிருந்து பண்டேல் செல்லும் மின்ரயில் செராம்பூர், சந்திரநாகூர், சின்சுரா, ஹூக்ளி, பண்டேல் என்று இதே வரிசையில் நின்று செல்கிறது. எதிர்க்கரைக்குப் போக, செராம்பூருக்கும் பாரக்பூருக்கும் இடையேயும் சின்சுராவுக்கும் நைஹாட்டிக்கும் இடையேயும் உள்ளூர்ப் பயணிகள் படகு நாள்தோறும் ஓடுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்.