இரு சுரங்கங்கள், ஓர் ஒளிக்கலைஞர்: தாபஸ் சென்னும் வங்க மேடையும்

நாடக மேடையில் விளக்கு எதற்கு? நடிகரின் முகம் தெரிவதற்கு என்பது எளிய விடை. எதை, எப்போது, எவ்வளவு மறைப்பது என்று தீர்மானிப்பதற்கு என்பது நவீன நாடகம் கண்டடைந்த விடை. இவ்விரண்டாம் விடை இந்திய மேடையில் வேரூன்றிய வரலாற்றை 1950களின் கல்கத்தாவில் தெளிவாகக் காணலாம். அவ்வரலாற்றின் மையத்தில் நிற்பவர் ஒளியமைப்பாளர் தாபஸ் சென் (1924–2006).

ஒளியின் இலக்கணம் சிக்கலானதன்று. பார்வையாளரின் கண் மேடையின் ஒளிமிக்க இடத்தையே முதலில் நாடும். நேர்முன்னிருந்து விழும் ஒளி முகத்தைத் தெளிவாக்கினாலும் உருவத்தைத் தட்டையாக்கிவிடும். பக்கவாட்டு ஒளி உடலின் திரட்சியை எடுத்துக்காட்டும். கீழிருந்து எழும் ஒளியில் நிழல்கள் மேல்நோக்கி விழுவதால், பழகிய முகமும் அச்சமூட்டும். ஒளி மெல்லத் தேயும்போது பொழுது கழிவதாகவும், சட்டென அறுபடும்போது ஏதோ முறிந்துவிட்டதாகவும் மனம் கொள்ளும்.

இவ்விலக்கணத்தைத் தாபஸ் சென் இரண்டு சுரங்கங்களில் பயன்படுத்தினார். முதலாவது, 1954இல் பஹுரூபி குழுவுக்காகச் சம்பு மித்ரா இயக்கிய தாகூரின் 'ரக்தகரபி'. அதன் களம் பொன் தோண்டும் யக்ஷபுரி. காலேத் சௌத்ரி அரங்கப் பொருட்களை வடிவமைத்தார். இந்நாடகத்தின் அரசன் பெரும்பகுதியும் ஒரு வலைக்குப் பின்னால் குரலாகவே இருக்கிறான். அதிகாரம் கண்ணுக்குப் புலப்படாததாலேயே அச்சுறுத்துகிறது. ஆகவே இங்கு இருளும் ஒரு பாத்திரம். ஒளியின் பணி அவ்விருளைக் காப்பது.

இரண்டாவது, 1959இன் இறுதியில் மினர்வா அரங்கில் உத்பல் தத் மேடையேற்றிய 'அங்கார்'. இது நிலக்கரிச் சுரங்க விபத்தைப் பேசும் நாடகம். முதலாளிகள் நிலக்கரியைக் காப்பதற்காகச் சுரங்கத்துள் நீரைப் பாய்ச்சுகின்றனர். உள்ளே தொழிலாளர்கள் சிக்கியிருக்கின்றனர். மேடையில் நீர் இல்லை. நீர்மட்டம் மெல்ல மெல்ல உயர்ந்து மனிதரை மூழ்கடிக்கும் தோற்றத்தை ஒளியே உருவாக்கியது. விஸ்வரூபா அரங்கின் 'சேது'வில் இல்லாத ரயிலொன்றை மேடையில் விரையச் செய்ததும் அவரது ஒளியே.

வியப்போடு ஐயமும் பிறந்தது. ஒளியின் சாகசம் நாடகத்தையே விழுங்கிவிட்டதோ என்பது அக்காலந்தொட்டு எழுப்பப்படும் வினா. மக்கள் தொழிலாளரின் சாவைக் காண வந்தனரா, வெள்ளத்தின் மாயத்தைக் காண வந்தனரா? எளிதில் ஒதுக்கத்தக்க வினா அன்று இது. இரக்கம் எழவேண்டிய இடத்தில் கைதட்டல் எழுமானால், கலை தன் நோக்கத்தில் தோற்றதாகவே பொருள்.

எனினும் 'அங்கார்' காட்சியை வெறும் வித்தை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அங்கே உயர்வது வெறும் நீரன்று. சுரங்கத்தின் மேலே எங்கோ எடுக்கப்பட்ட ஒரு முடிவு. யக்ஷபுரியின் அரசனைப் போலவே அம்முடிவை எடுத்தவர்களும் அந்தக் கணத்தில் பார்வைக்கு அப்பால் உள்ளனர். ஒரு சுரங்கத்தில் மறைத்தும், மற்றொன்றில் காட்டியும் ஒளி ஒரே செய்தியையே உரைத்தது: மண்ணுக்கடியில் உழைப்பவனின் உயிர், அவன் காணாத ஒருவரின் கையில் இருக்கிறது.

மேடை ஒளியை மதிப்பிட இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை. ஒளி அழகாக இருந்ததா என்பதன்று. விளக்குகள் அணைந்தபின் பார்வையாளர் யாரை நினைத்தபடி வெளியேறினர் என்பதே கேள்வி.