சிம்லாவில் போட்ட பூட்டு

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், பத்தாயிரம் அடிக்கு மேலே உள்ள ஊர் லெட்வில். 1860ல் அந்தப் பக்கம் தங்கம் அரிக்க வந்தவர்களுக்கு ஒரு கறுப்பு மணல்தான் பெரிய தொல்லை. கனமான மணல், மரத் தொட்டியை அடைத்துக்கொள்ளும். திட்டிக்கொண்டே அள்ளிக் கொட்டினார்கள். ஏறக்குறைய 15 ஆண்டு கழித்து வில்லியம் ஸ்டீவன்ஸ், ஆல்வினஸ் உட் என்ற இருவர் அதைச் சோதித்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஈயம், அதற்குள் வெள்ளி!

பிறகென்ன, 1880 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 14,820. மளிகைக் கடைக்காரர் ஹோரஸ் டேபர், கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்ற பேச்சில் இரண்டு ஜெர்மானியர்களுக்குச் சாமான் கொடுத்திருந்தார். அவர்கள் தோண்டிய இடத்தில் வெள்ளி கிடைக்க, டேபர் கோடீஸ்வரர். 1879ல் ஊருக்கு ஓபரா அரங்கமே கட்டிவிட்டார்.

இந்த ஊருக்கு எமன் வந்த திசைதான் வேடிக்கை. உலக நாடுகள் தங்க நாணயத்துக்கு மாறியதால் வெள்ளி மலிந்துகொண்டே வந்தது. ஒரு காலத்தில் ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்ற நம் வெள்ளி ரூபாய், 1893ல் 15 பென்ஸுக்கு, அதாவது ஒன்றேகால் ஷில்லிங்குக்கு வந்துவிட்டது. இந்திய அரசு லண்டனுக்கு அழ வேண்டிய பணமோ தங்கக் கணக்கில். ரூபாய் மேலும் சரியாமலிருக்க, யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துத் தந்த நாணயச்சாலைகளை, அந்த ஆண்டு ஜூன் 26 அன்று சிம்லாவில் போட்ட சட்டம் பொதுமக்களுக்கு மூடியது. வெள்ளி போகும் அந்த வழி அடைபட்டதும், அவுன்ஸ் 83 சென்ட் விற்ற வெள்ளி சில நாட்களில் 62க்கு விழுந்தது. நவம்பரில் அமெரிக்க அரசும், மாதந்தோறும் 45 லட்சம் அவுன்ஸ் வாங்கிவந்த சட்டத்தை ரத்து செய்தது. டேபர் ஓட்டாண்டியானார்.

ஊர்க்காரர்கள் லேசில் விடவில்லை. வெளியூர்க் கூட்டத்தை இழுக்க, சுமார் 5,000 டன் பனிக்கட்டியால் ஓர் அரண்மனை கட்டி 1896 புத்தாண்டன்று திறந்தார்கள். சுவர்க் கட்டிகளுக்குள் ரோஜா, மீன், பீர் பாட்டில் எல்லாம் உறையவைத்திருந்தார்கள். பாட்டிலில் பீர் இல்லை, உப்புத் தண்ணீர். பீர் உறைந்தால் பாட்டில் வெடித்துவிடுமே! கூட்டம் வந்தது, ஆனால் கட்டுச்சோற்றோடு வந்து அன்றே ரயிலேறிவிட்டது. வெயிலும் முந்திக்கொள்ள, மார்ச்சோடு கடை கட்டினார்கள்.

லெட்வில் அடியோடு காலியாகவில்லை. துத்தநாகம் கொஞ்ச நாள் சோறு போட்டது, பக்கத்து கிளைமாக்ஸ் சுரங்கத்தின் மாலிப்டினம் வெகுகாலம். 1980களில் அங்கும் ஆட்குறைப்பு. இன்று ஊரில் மூவாயிரம் பேர்கூட இல்லை.