கறிக்கு மிளகா தகப்பன்?

"சங்க காலத்தில் கறி என்றால் மிளகு. மிளகு போட்டு வேகவைத்த இறைச்சிக்குக் கறி என்று பெயர் வந்தது. ஆகவே காய்கறி என்றால் காயும் இறைச்சியும்." இந்தச் செய்தி எத்தனை பேர் கைமாறி வந்தாலும் ஒரு புள்ளிகூடக் குறையாமல் வந்து சேர்கிறது. பட்டிமன்ற மேடைகளில் கைதட்டலும் வாங்குகிறது. இதன் முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது ஊகம். மூன்றாவது அபத்தம்.

அபத்தத்தை முதலில் முடித்துவிடலாம். விருதுநகரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவரிடம் "கறி எடுத்தாச்சா?" என்று கேட்டால் அது ஆட்டுக்கறியைப் பற்றிய கேள்வி. காய்கறியை யாரும் 'எடுப்பதில்லை', வாங்குகிறார்கள். இன்றைய இந்த வழக்கைப் பழஞ்சொல்லின் மேல் ஏற்றிப் பொருள் சொல்வதால் வரும் கோளாறு இது. காயும் இறைச்சியும் சேர்ந்த தொகை என்றால், பாண்டிநாட்டுக் கோயில்களில் தெய்வத்துக்குப் படைத்த கறியமுது எதனால் ஆனது என்று அவர்கள் சொல்லட்டும்.

இனி மிளகு. கறி என்ற சொல் சங்க நூல்களில் மிளகைக் குறிப்பதை எவரும் மறுக்கவில்லை. முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனர் கலம் கறியோடு திரும்பியதை அகநானூற்று 149ஆம் பாட்டு சொல்கிறது. மலைச்சாரலில் கறிக்கொடி வளர்வதைப் பாடிய பாட்டுகளும் உண்டு. ஆனால் மிளகுக்கு அன்று கறி ஒன்றுதானா பெயர்? பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கம் கொள்ளும் பெருவழியில் கழுதைகள் முதுகு வடுப்படச் சுமந்துபோகும் பொதியில் இருப்பது 'மிரியல்'. அதே பாட்டில் பின்னால் அந்தணர் மனை வருகிறது. அங்கே மாதுளம் பிஞ்சை அரிந்து, வெண்ணெயில் வெதுப்பி, கருவேப்பிலையோடு கலக்கிற பொடிக்குப் பெயர் 'கறி'. பொதியில் இருக்கும்போது மிரியல், உண்கலத்துக்கு வரும்போது கறி. ஒரே புலவர், ஒரே பாட்டு. பட்டினப்பாலையைப் பாடியவரும் இதே கடியலூர் உருத்திரங்கண்ணனார்தானே, அதில் புகார்த் துறைமுகத்து மூட்டையையே கறி என்கிறாரே என்று எதிர்த்தரப்பு துள்ளும். துள்ளட்டும். உண்ணும் பெயர் பண்டத்துக்கு ஏறுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பண்டத்தின் பெயர்தான் உண்ணும் பெயராயிற்று என்பதற்கு அந்த ஒரு மூட்டை போதாது.

வேர் வினையில் இருக்கிறது. கறித்தல் என்றால் கடித்துத் தின்னல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் அப்படித்தான் பொருள் சொல்கிறது. ஆடு தழையைக் கறிக்கும், எலி கயிற்றைக் கறிக்கும். இதன் பக்கத்துவீட்டுச் சொல் கொறித்தல். அணில் கொறிக்கும், பொரியைக் கொறிப்போம். சோறு விழுங்கப்படுவது, கூழ் குடிக்கப்படுவது. அவற்றுக்கு நடுவே பல்லுக்கு வேலை வைப்பது எதுவோ அது கறி. வேகவைத்த காயானாலும் கிழங்கானாலும் இறைச்சியானாலும், நாக்கைச் சுள்ளென்று தொடும் மிளகானாலும் இந்தப் பொருளுக்குள் அடங்கும். மிளகிலிருந்து புறப்பட்டால் கீரையைக் கறியென்பதற்கு வழி இல்லை. கறித்தலிலிருந்து புறப்பட்டால் மிளகு உட்பட எல்லாம் வழியிலேயே இருக்கின்றன.

கல்லிலும் சான்று உண்டு. அம்பாசமுத்திரத்திலும் திருச்செந்தூரிலும் கிடைத்த, 9ஆம் நூற்றாண்டு வரகுண பாண்டியர் காலக் கல்வெட்டுகள் கோயில் மடைப்பள்ளியின் கணக்குப் புத்தகம் போன்றவை. அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, நெய் இவ்வளவு, தயிர் இவ்வளவு என்று வரும் வரிசையில் கறியும் வருகிறது. அதுவும் வகைவகையாக: காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி. மிளகு, மஞ்சள், சீரகம் எல்லாம் வேறு வரிசை. கறியே மிளகாக இருந்தால் கறிக்கும் தனி அளவு, மிளகுக்கும் தனி அளவு எழுதிய கணக்கனுக்குப் பைத்தியமா? காய்கறி என்ற சொல்லின் பிறப்பும் இங்கேதான் தெரிகிறது. புளியிட்டது புளிங்கறி, பொரித்தது பொரிக்கறி, காயால் ஆனது காய்க்கறி. உம்மைத்தொகை அல்ல. ககர ஒற்று மறைந்து காய்கறி ஆன பிறகுதான் 'காயும் கறியும்' என்று பிரிக்க ஆள் கிளம்பினார்கள்.

அப்படியானால் காய் என்பது என்ன? தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள். புல்லுக்குரிய உறுப்புப் பெயர்களையும் மரத்துக்குரிய உறுப்புப் பெயர்களையும் தனித்தனியே சொன்னபின், இரண்டுக்கும் பொதுவானவற்றில் காயையும் பழத்தையும் தோலையும் விழுதையும் சேர்க்கிறார் தொல்காப்பியர். காய் என்பது செடியின் ஓர் உறுப்பு, ஒரு பருவம். பூவுக்குப் பின்னே, பழத்துக்கு முன்னே. சமையலுக்கும் அதற்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. தேங்காய் காய்தான், அதைக் காய்கறி என்று எவரும் சொல்வதில்லை. கடுக்காய் மருந்துப் பெட்டிக்குப் போகிறது, ஏலக்காய் பாயசத்துக்குப் போகிறது. கல்வெட்டுகளில் அடைக்காயமுது என்று வருவது வெற்றிலையோடு சேர்ந்த பாக்கு. அதுவும் காய்தான். மிளகாயோ பெயரிலேயே இரட்டைப் பொய்: அது மிளகும் அல்ல, இங்கே விளைந்ததும் அல்ல. போர்த்துக்கீசியர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்து, மிளகின் வேலையைப் பிடுங்கிக்கொண்டு, மிளகின் பெயரையும் எடுத்துக்கொண்ட காய் அது. விருதுநகர்ச் சந்தையில் அதன் காய்ந்த வடிவத்துக்கு அடைமொழியே தேவையில்லை. வத்தல் என்றாலே மிளகாய் வத்தல். கறி என்றாலே ஆட்டுக்கறி என்பதும் இதே போக்கு. எது அதிகம் புழங்குகிறதோ அது பொதுப்பெயரை விழுங்கிவிடும்.

வெங்காயத்தில் இருப்பது காய் அல்ல, காயம். பெருங்காயத்தில் இருக்கும் அதே காயம். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'வெறும் காய் வெங்காயம்' என்று எழுதிய ஒரு புத்தகத்தைப் பாதியிலேயே மூடி வைத்தேன்.

ஆகவே எது காய்கறி என்ற கேள்விக்குச் செடியிடம் விடை இல்லை, அடுப்பிடம்தான் இருக்கிறது. வாழையில் பூ கறி, காய் கறி, தண்டு கறி. பழம் மட்டும் கறி இல்லை. இலையோ கறி வைக்கிற இடம். சிலப்பதிகாரத்தில், கொலைக்களக் காதையில், மாதரி கண்ணகிக்குக் கொடுக்கும் பண்டங்களைப் பாருங்கள். உரைகாரர் பலா என்று காட்டும் காய், வெள்ளரி என்று கொள்ளும் வரியோடிய வளைந்த காய், பசிய மாதுளங்காய். கோவலன் சமண நோன்பு உடையவன் என்பதால் வந்த மரக்கறி விருந்து அது. அரிவாள்மணையில் விரல் சிவக்கக் கண்ணகி அரிந்த பட்டியலில் மாதுளை இருப்பது இன்றைக்கு நமக்கு வியப்பாக இருக்கிறது. பழுக்காத எதையும் கறியாக்கத் தெரிந்த சமையல் அது. இதையே இலங்கையில் சுமார் இருபது ஆண்டு சிறைப்பட்டுக் கிடந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியான தன் நூலில் எழுதினார்: அங்குள்ளவர்கள் கனிகளைப் பழுக்கும் முன்பே பறித்து வேகவைத்துக் கறி ஆக்குகிறார்கள், சோற்றுக்குச் சுவை சேர்க்க. கறி என்பது போர்த்துக்கீசியர் வழக்குச் சொல் என்று அவர் நினைத்துக்கொண்டது வேறு விஷயம். காய், அதை வேகவைத்தல், சோற்றுக்குத் துணை என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் அகப்படுகின்றன. மிளகை அவர் காரணம் காட்டவில்லை.

அமெரிக்கர்களும் கடைசியில் அடுப்பிடம்தான் வந்தார்கள். 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே இறக்குமதியான காய்கறிக்கு 10 விழுக்காடு வரி இருந்தது, பழத்துக்கு வரி இல்லை. தக்காளி எது? 1893இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தாவர நூலார் பழம் என்றாலும் மக்கள் அதைச் சாப்பாட்டோடு உண்கிறார்களே தவிர, கடைசி இனிப்பாக உண்பதில்லை, ஆகவே காய்கறி என்று தீர்ப்புச் சொன்னது. நம் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் வழக்குச் செலவு மிஞ்சியிருக்கும். தக்காளி என்ற பெயரும் அதற்கு இரவல்தான். நம் வேலியோரச் சிறுசெடிகளுக்கு உரிய பெயர் அது, மணத்தக்காளியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. புதிதாக வந்ததைச் சீமைத்தக்காளி என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்தது.

கத்தரிக்காயின் கதை எதிர்த்திசையில் போகிறது. பழம்பெயர் வழுதுணங்காய். வரகரிசிச் சோற்றோடு அதை வதக்கிப் படைத்தவரை ஔவையார் தனிப்பாடலில் புகழ்கிறார். மலையாளத்தில் வழுதன இன்றும் உண்டு. வடமொழி வாதிங்கணமும், பாரசீகத்தின் பாதிங்கானும், அதன் வழி போர்த்துக்கீசியமும், அதிலிருந்து ஆங்கிலேயர் இங்கே வந்து சொன்ன பிரிஞ்சாலும் இந்தத் தென்னாட்டுச் சொல்லின் பேரப்பிள்ளைகள் என்பது என் கட்சி. உலகம் சுற்றி வந்த பெயரை நாம் வீட்டிலிருந்து துரத்திவிட்டோம்.

விருதுநகர் வட்டாரத்துக்கு வருவோம். கறி இறைச்சிக்கடைக்குக் குடிபோன பிறகு அதன் வேலையை இங்கே இரண்டு சொற்கள் பங்கிட்டுக்கொண்டன. ஒன்று காய். "என்ன காய் வாங்குன?" என்ற கேள்விக்கு "உருளைக்கிழங்கு" என்பது சரியான விடை. கிழங்கைக் காய் என்கிறோமே என்று யாரும் கூசுவதில்லை. கீரை மட்டும் இன்னும் அந்தக் கணக்கில் சேரவில்லை. சிவகாசியில் அச்சாகிப் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் காய்கறிப் படத்தில் கேரட்டும் முட்டைக்கோசும் காய்தான். கட்டம் கட்டமாகப் பிரித்த அந்தப் படம் பிள்ளைகளுக்கு இலக்கணம் ஆகிவிட்டது. அதில் அதலைக்காயைத் தேடாதீர்கள்.

இன்னொன்று வெஞ்சனம். காலையில் தூக்குவாளியோடு பட்டாசு ஆலைக்குப் புறப்படுகிறவரை வழியில் நிறுத்தி, "ஏக்கா, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டால், சீனியவரைக்காய் என்றும் வரலாம், காணத் துவையல் என்றும் வரலாம், கருவாடு என்றும் வரலாம். கூழாக இருந்தால் ஒரு பச்சை வெங்காயமே வெஞ்சனம். பழைய கறியின் பொருள் அப்படியே இந்தச் சொல்லில் இறங்கியிருக்கிறது: தொட்டுக்கொள்ள, கடித்துக்கொள்ள. இதை 'வெந்த சனம்' என்றும் 'வெம்மை அஞ்சனம்' என்றும் பிரித்துத் தனித்தமிழாக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: வீண் வேலை. வடமொழி வியஞ்சனம் வாயில் தேய்ந்து வந்தது இது. அங்கே அதற்கு மெய்யெழுத்து என்றும் பொருள் உண்டு. சோறு உயிர், வெஞ்சனம் மெய் என்று இலக்கணம் படித்தவர் நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். வடசொல் என்று ஒப்புக்கொள்வதால் கரிசல்காட்டுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

யாழ்ப்பாணத்தில் கறி குடிபோகவில்லை. அங்கே எல்லாக் குழம்பும் கறி, ஆகவே காய்க்கு மரக்கறி என்று பெயர். மலையாளத்தார் பச்சக்கறி என்கிறார்கள். மூத்த பொருள் ஓரங்களில் தங்கும், நடுவூரில் தேயும்.

அதலைக்காய் என்றேனே, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பாகலுக்குத் தங்கை, கட்டைவிரலுக்குச் சின்னது, கசப்பு மட்டும் குறையாது. யாரும் விதைப்பதில்லை. கரிசல் மண்ணுக்குள் கிழங்கு உறங்கிக் கிடக்கும், ஐப்பசி மழை விழுந்ததும் கொடி கிளம்பும். பறித்தால் அன்றைக்கே ஆக்கிவிட வேண்டும், வைத்திருந்தால் வெடித்துவிடும். பட்டாசு நாட்டுக்குப் பொருத்தமான காய். கிழங்கு பூமிக்குள் இருப்பதால் அதலம் என்ற கீழுலகப் பெயரோடு இதை நாளைக்கு ஒருவர் முடிச்சுப் போடுவார், இப்போதே சொல்லிவைக்கிறேன்: ஒலி ஒத்தால் உறவாகாது. மிதுக்கங்காயும் இப்படித்தான், தானாய் முளைக்கும். அதை உப்பிட்டுக் காயவைத்தால் மிதுக்கு வத்தல். சாத்தூர் வெள்ளரியோ வைப்பாற்றங்கரைப் பெருமை. ஆனால் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுப் பச்சையாகத் தின்பதால் இந்த ஊர்க்காரர் அதைக் காய்கறிக் கணக்கில் வைப்பதில்லை. அடுப்பேறாதது காய்கறி ஆகாது. பழைய இலக்கணப்படி பார்த்தால் அதுதான் முதல் கறி. அதைவிடக் கறிக்கத் தகுந்தது வேறென்ன?

கறி கறித்தலில் பிறந்தது. மிளகு அதன் பிள்ளைகளில் ஒன்று, தகப்பன் அல்ல. மறுக்க வருகிறவர்கள் வரகுண பாண்டியன் கணக்கில் கறியும் மிளகும் ஏன் தனித்தனியே இருக்கின்றன என்பதற்கு முதலில் விடை எழுதிக்கொண்டு வரட்டும்.